மூக்குத்தூளும் கற்குப்பியும்

காரைநகர்த் துறையில் நின்று தெற்கே நோக்குவோருக்கு எதிர்க்கரையில் ஊர்காவற்றுறை புலப்படும். இடைப்பட்ட நீரின் நடுவே, ஒல்லாந்தர் ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டதும் மக்கள் கடற்கோட்டை என்று வழங்குவதுமான கோட்டை நிற்கும். இச்சிறு நீர்வழி ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கலங்கள் புகுந்து வெளியேறிய பெருவழியாகும். முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்ச் சாசனமொன்று நயினாதீவில் உள்ளது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்து சேரவேண்டும் என்றும், அவருக்கு இடையூறு நேராது காக்கவேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் என்றும், வணிகச் சரக்கு ஏற்றிய கலமாயின் சரிபாதி என்றும் அச்சாசனம் விதிக்கின்றது. அம்மன்னன் ஆண்ட காலம் 1153 முதல் 1186 வரை. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே.

அவ்வாறு வந்தவருள் சீனச் சரக்குடன் வந்தோரும் இருந்தனர் என்பதற்கு மண்ணே சான்று கூறிற்று. ஊர்காவற்றுறை அமைந்த அதே தீவின் கிழக்குப் பக்கத்தில் உள்ள அல்லைப்பிட்டியில், 1977ஆம் ஆண்டளவில் ஜோன் கார்ஸ்வெல் என்னும் தொல்பொருளறிஞரும் அவருடன் உழைத்தோரும் அகழ்ந்தபோது, சொங் மரபினர் காலத்துச் சீன மட்கலங்களின் ஓடுகள் பெருந்தொகையாக வெளிப்பட்டன. அவை ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. தீவகத்தின் ஆழங்குறைந்த கடலிலிருந்து சீனத்துக்குப் போகும் பொருளும் உண்டு. கடலட்டையை எடுத்து, அவித்து, உலர்த்திச் சீனச் சந்தைக்கு அனுப்பும் தொழில் இன்றும் நடைபெறுகின்றது. 1409ஆம் ஆண்டுத் திகதியைத் தாங்கிச் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியிலும் பொறிக்கப்பெற்ற காலிக் கல்வெட்டு, இப்பொழுது கொழும்பு அரும்பொருளகத்தில் இருப்பதைப் பலர் கண்டிருக்கக்கூடும்.

ஆயினும் அல்லைப்பிட்டியில் மட்கலம் இறங்கிய அந்நாளில், இறக்கிய சீனனும் மூக்குத்தூளை அறியான். வாங்கிய தமிழனும் அறியான். புகையிலை என்னும் செடி அப்பொழுது அமெரிக்கக் கண்டத்தை விட்டுப் புறப்படவேயில்லை. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் போர்த்துக்கேயரும் ஸ்பானியரும் அதனைக் கீழ்த்திசைக்குக் கொணர்ந்தனர். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போர்த்துக்கேயர் வழியாகவும், சீனத்துக்குப் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் தீவுகளின் வழியாகவும் அது வந்தது. வந்த சிறிது காலத்துள் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் அது வேரூன்றிவிட்டது. ஒல்லாந்தர் ஆட்சியில் அதுவே குடாநாட்டின் தலையாய பணப்பயிராயிற்று. கிணறு தோண்டி, துலாமிதித்து நீரிறைத்து, ஆட்டுப்பட்டி அடைத்து, பனையோலை புதைத்து உரமாக்கி, ஒவ்வொரு கன்றையும் குழந்தையைப் போல் வளர்த்தனர். அப்புகையிலைக்குத் திருவிதாங்கூர் நெடுங்காலம் பெருஞ்சந்தையாய் இருந்தது. எஞ்சியது சுருட்டாகித் தென்னிலங்கைக்குச் சென்றது. காரைநகராரும் பிற தீவகத்தாரும் சிங்கள ஊர்களிலே வைத்த கடைகளைச் சுருட்டுக்கடை என்றே ஊரவர் அழைத்தமை இதனால்தான்.

சப்புவதும் புகைப்பதும் போக, மூன்றாவது வகை மூக்கில் இடுவது. தமிழகத்தார் மூக்குப்பொடி என்பதனை யாழ்ப்பாணத்தார் மூக்குத்தூள் என்பர். சீனத்தில் இதனைப் ‘பி-யென்’ என்று வழங்குவர். மூக்கிற்குரிய புகை என்பது அதன் பொருள். அவர்கள் அதனை வைத்திருந்த கலத்தின் பெயர் ‘பி-யென்-ஹூ’, அதாவது மூக்குப்புகைக் குப்பி.

ஒரே பண்டத்தை வைக்கத் தமிழன் ஏன் வாழைமட்டையைத் தேடினான், சீனன் ஏன் கல்லைக் குடைந்தான் என்பது கேட்கத்தக்க கேள்வி. விடை பண்டத்திலேயே இருக்கின்றது. சென்னையிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் செய்யப்பெற்ற பொடி, இலையை வறுத்து இடித்து, சுண்ணாம்பும் நெய்யும் சேர்த்துப் பிசைந்தது. சற்றே ஈரப்பதம் உடையது. அந்த ஈரம் காயாதிருக்க உலர்ந்த வாழைமட்டை ஏற்ற உறை. பொடிமட்டை என்ற பெயரும் அதனால் வந்ததே. செல்வர் வெள்ளிச் சிமிழ் வைத்திருந்தனர். மற்றையோர் தகர டப்பியோடு அமைந்தனர். மூடியை இருமுறை விரலால் தட்டித் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு இழுக்கும் முதியவரைத் திண்ணைகளிற் கண்டவர் பலர். சீனத்துத் தூளோ உலர்ந்தது. நன்கு மாவாக அரைத்து, கற்பூரம், புதினா, மல்லிகை போன்ற மணப்பொருள்களை ஊட்டியது. காற்றுப்பட்டால் மணம் போய்விடும். ஈரம் பட்டால் கட்டியாகிவிடும். உப்புக்காற்று வீசும் காரைநகரில் மழைக்காலத்திற் சீனியையும் உப்பையும் வைத்துக் காப்பாற்றும் இல்லத்தரசிகளுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

ஐரோப்பியர் தட்டையான பெட்டியில் மூக்குத்தூளை வைத்தனர். பெட்டியைத் திறந்தால் உள்ளிருக்கும் தூள் முழுவதும் ஒருங்கே காற்றிற் படும். கோடையில் நீராவி நிறைந்த பீக்கிங் நகரத்துக்கு அது பொருந்தவில்லை. சீனரிடம் ஏற்கெனவே மருந்து வைக்கும் சிறு குப்பிகள் இருந்தன. வாய் குறுகியவை, தக்கையால் இறுக அடைக்கத் தக்கவை. அவற்றையே எடுத்துக்கொண்டனர். தக்கையின் மேல் அழகிய குமிழ், தக்கையின் கீழ் தந்தத்தாலோ மூங்கிலாலோ உலோகத்தாலோ ஆகிய சிறு கரண்டி. கரண்டியினால் ஒரு துளி எடுத்துப் பெருவிரல் நகத்தில் அல்லது சிறு தட்டில் இட்டு உறிஞ்சுவர். மூடியதும் காற்றுக்கு வழியில்லை. குப்பியின் உயரம் பெரும்பாலும் 5 முதல் 8 சென்ரிமீற்றர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

மஞ்சூ மன்னர் புகைப்பதை வெறுத்தனர். அதனைத் தடுத்துச் சட்டமும் செய்தனர். மூக்குத்தூள் மட்டும் மருந்தென்ற போர்வையில் தப்பிக்கொண்டது. தலையிடி, தடிமன், வயிற்றுநோ ஆகியவற்றுக்கு அது நல்லதென்று நம்பினர். 1684ஆம் ஆண்டில் காங்சிப் பேரரசர் தென்னாட்டு உலாவின்போது நான்கிங் நகரில் இயேசுசபைக் குருமார் இருவரைக் கண்டார். அவர்கள் வைத்த காணிக்கைகளுள் மூக்குத்தூளை மட்டும் ஏற்று மற்றவற்றைத் திருப்பியளித்தார் என்பர். 1696இல் கிலியன் ஸ்ரும்ப் என்னும் ஜெர்மானியக் குருவின் மேற்பார்வையில் அரண்மனைக்கெனக் கண்ணாடிப் பட்டறை ஒன்று எழுந்தது. முதற்காலத்துக் குப்பிகளிற் பல அங்கே பிறந்த கண்ணாடிக் குப்பிகளே. அரசர் எதனை விரும்புகிறாரோ அதனை அமைச்சர் விரும்புவர். அமைச்சர் விரும்பியதை ஊர் விரும்பும். 18ஆம் நூற்றாண்டிலே குப்பியில்லாத அதிகாரி இல்லை என்னும் நிலை வந்தது. பதவி வேண்டுவோர் பணத்தை நேரே நீட்டுவதினும் ஒரு நல்ல குப்பியை நீட்டுவது நாகரிகமாகக் கருதப்பட்டது. 1799இல் ஹோஷென் என்னும் பேரதிகாரியின் சொத்து பறிமுதலானபோது எழுதிய பட்டியலில் இக்குப்பிகளும் இடம்பெற்றமை வியப்பன்று.

கல் இத்தொழிலுக்கு வந்த கதையில் போரும் உண்டு. சீனர் ‘யூ’ என்றும் மேனாட்டார் ஜேட் என்றும் வழங்கும் மணிக்கல் மத்திய ஆசியாவில் கோத்தான் ஆற்றுப்படுகைகளில் கிடைப்பது. சியன்லுங் பேரரசரின் படை 1759இல் சிங்கியாங் நாட்டை முற்றும் வென்றது. அதற்குப் பின்னர்க் கல் ஆண்டுதோறும் திறையாக வந்து குவிந்தது. பர்மாவின் வடமலைகளிலிருந்து பச்சைநிறமிக்க வேறொரு ஜேட் வந்தது. வெட்டியெடுத்த இடம் வேறு, அதன் உட்சேர்க்கை வேறு, பெயர் மட்டும் ஒன்று. இவற்றோடு அகேற், சூதுபவளம், பளிங்கு, ஆப்கானிஸ்தானத்து நீலக்கல் ஆகியனவும் சேர்ந்தன. சூச்சௌ நகரம் கல்தச்சருக்குப் பேர்பெற்றது. சியன்லுங் பேரரசருக்கு மொகலாயப் பாணி ஜேட் கலங்களின்மேல் தனிப்பற்று இருந்தது. தாளைப்போல் மெல்லியதாகச் சுவர் அமைந்த அந்த ‘இந்துஸ்தானத்து’ வேலைப்பாட்டைப் புகழ்ந்து அவர் கவிதைகளும் எழுதினார். தம் பட்டறையாரை அவ்வாறே செய்யுமாறு ஏவினார்.

இங்கே நின்று, ஒரு கற்குப்பி எவ்வாறு உருவாகின்றது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்.

தீவகத்தில் கல்லென்றால் முருகைக்கல். நெடுந்தீவு மக்கள் அதனைச் சாந்தின்றி அடுக்கி வேலி கட்டினர்; வாளாலும் உளியாலும் அதனை வசப்படுத்தலாம். ஜேட் அத்தகையதன்று. கனிப்பொருளியலார் கல்லின் வன்மையை 1 முதல் 10 வரை எண்ணிட்டு அளப்பர். விரல்நகம் இரண்டரை, நல்ல உருக்குக் கத்தி ஏறத்தாழ ஐந்தரை, கோத்தானின் ஜேட் 6 முதல் ஆறரை, பர்மிய ஜேட் ஆறரை முதல் 7, அகேற்றும் பளிங்கும் 7, வைரம் 10. ஆகவே உருக்குளி ஜேட்டைச் செதுக்காது, உளிதான் மழுங்கும். அன்றியும், ஜேட்டின் உள்ளிழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதனால் சம்மட்டியால் அடித்தாலும் எளிதில் உடையாது. ‘செதுக்கிய கல்’ என்று சொல்வது வழக்கு. உண்மையில் எந்தக் கல்தச்சனும் அதனைச் செதுக்கியதில்லை. தேய்த்தான். அவ்வளவே.

தேய்ப்பது இரும்பன்று, மணல். காலால் மிதித்துச் சுழற்றும் தண்டின் நுனியில் இரும்புத் தட்டு ஒன்று பூட்டப்பெறும். நீரில் குழைத்த மணலை அதன் விளிம்பிற் பூசிக் கல்லை அணைத்துப் பிடிப்பர். தட்டு மணலை இழுத்துச் செல்ல, மணல் கல்லைத் தின்னும். மஞ்சள் மணல் என்றது பளிங்கின் துகள். செம்மணல் கார்னெற்றின் துகள். கருமணல் அவற்றினும் வன்மை மிக்க குருந்தத் துகள். ஆங்கிலேயர் ‘கொரண்டம்’ என வழங்கும் பெயர் தமிழ்க் குருந்தம் என்னும் சொல்லிலிருந்து சென்றதாகும். கம்மாளர் சாணைக்குப் பயன்படுத்திய அதே பொருள். அதன் வன்மை 9. அதற்கு மேல் வைரம் ஒன்றே.

புறவடிவம் அமைந்தபின் குடைதல் தொடங்கும். வாயின் அகலம் ஆறேழு மில்லிமீற்றர்; சுண்டுவிரல்கூட உள்ளே செல்லாது. முதலில் குழாய்போன்ற துளைகருவியை நேரே இறக்கி, நடுவில் எஞ்சும் கற்றண்டை முறித்து எடுப்பர். இதுவரை கிணறு வெட்டுவது போன்றதே. பின்னர் வருவதே தொழிலின் உயிர். குப்பியின் வாய் குறுகியது, தோளோ அகன்றது. அத்தோளின் உட்புறத்தைக் குடைய நேர்க்கருவி உதவாது. நுனி வளைந்த மெல்லிய இரும்புக் கம்பிகளை வாய் வழியே நுழைத்து, ஈரமணலைச் சிறிது சிறிதாய் ஊட்டி, பக்கவாட்டில் தேய்ப்பர். உள்ளே நடப்பதைக் கண் காணாது. கம்பியின் நடுக்கத்தாலும், எழும் ஓசையாலும், இடையிடையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கையில் தெரியும் ஒளியாலும் சுவரின் கனத்தை ஊகிப்பர். ஒரு மயிரளவு மிகுந்தால் சுவர் துளைபட்டுவிடும். அதுவரை செலவிட்ட உழைப்பனைத்தும் வீண். துளையை மறைக்க வழியில்லை. சங்குக்கு உட்குழிவைக் கடல் கொடுத்துவிடுகின்றது. வளையல் அறுப்போன் அதன் பயனைப் பெறுகிறான். கல்லுக்கு அந்த உதவி இல்லை.

சிறந்த கைகள் குடைந்த சில குப்பிகள் நீரிலிட்டால் மிதக்கும். தண்ணீரைப்போல் இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட எடையுள்ள அகேற் கல் மிதக்கின்றதென்றால், சுவர் எத்துணை மெல்லியதாயிருக்கவேண்டும் என்பதை எண்ணிப்பார்த்துக்கொள்ளலாம். பயனும் உண்டு. மெல்லிய சுவரானால் அதிகத் தூள் கொள்ளும். மடியில் கனம் குறையும். எனினும் பயனுக்காக மட்டும் ஒருவன் இவ்வளவு உயிரை விட்டான் என்று சொல்ல முடியாது.

அகேற் குப்பிகளில் மற்றொரு திறமை உண்டு. அக்கல்லில் மங்கலான வெண்சாம்பல் நிறத்தின் நடுவே கபிலமும் கருமையுமான மறுக்கள் கிடக்கும். பிற தொழிலாளர் அதனைக் கழிப்பர். சூச்சௌக் கல்தச்சன் அந்த மறுவைத் தேடி எடுத்தான். கருந்திட்டு குரங்காயிற்று; கபிலக் கீற்று பைன்மரக் கிளையாயிற்று; இரண்டுமற்ற பரப்பு வானமாயிற்று. சில குப்பிகளில் கோடொன்றும் கீறாமலே, மெருகிட்ட மேற்பரப்பில் இயற்கை மறு தானே ஒரு பறவையாக நிற்கும்படி கல்லைத் திருப்பி அறுத்திருப்பர். உண்மையில் நிறையச் செதுக்கிய குப்பியினும் இவ்வாறு ஒன்றும் செய்யாதது போலத் தோன்றும் குப்பியே கண்ணுக்கு நெடுநேரம் சலிப்புத் தராது.

உருவங்களிலே சிலேடையும் மறைந்திருக்கும். காளமேகத்தின் நாட்டாருக்கு இது புதிதன்று. சீனத்தில் வௌவாலுக்கும் நல்வாழ்வுக்கும் ஒலி ஒன்று, ‘பூ’. ஆகவே ஐந்து வௌவால்கள் ஐவகைப் பேறு. மீனுக்கும் மிகுதிக்கும் ‘யூ’ என்னும் ஒலி. மீன் பொறித்த குப்பி செல்வம் எஞ்சுக என்னும் வாழ்த்து. குரங்கும் உயர்பதவியும் ‘ஹௌ’. எனவே பதவிக்குக் காத்திருப்பவனுக்குக் குரங்கு பொறித்த குப்பி பரிசாகச் செல்லும். தமிழர் ஒருவருக்கு அதனை நீட்டினால் என்ன நேரும் என்பது வேறு கதை.

இவற்றைச் செய்தோரின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குக் கிட்டவில்லை. அரசர் பெயர் அடியிற் பொறிக்கப்பெற்ற குப்பி உண்டு. தேய்த்தவன் பெயர் பொறித்தது அரிது. முத்திரை வெட்டுவதிலும் எழுத்துக்கலையிலும் பேர்பெற்ற சாவோ சிச்சியென் (1829–1884) மூக்குத்தூளையும் குப்பிகளையும் பற்றி ஒரு தனி நூல் எழுதினார். அப்பொருள்பற்றிச் சீனத்தில் எழுந்த முதல் நூலென்று அதனை மதிப்பர். குப்பியின் உட்சுவரில் வளைந்த தூரிகையால் தலைகீழாகச் சித்திரம் தீட்டும் கலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகியது. மா ஷாவோசுவான், யே சுங்சான் போன்ற ஓவியர் தம் பெயரை எழுதினர். அவை பெரும்பாலும் கண்ணாடியிலும் பளிங்கிலும் ஆனவை.

கல் தேய்ப்போரின் உடல்நிலையைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாது விடுதல் முறையன்று. அகேற் தொழில் இந்தியாவிலும் உண்டு. குஜராத்தின் காம்பே நகரம் பன்னூறாண்டுகளாக மணிகளுக்குப் பேர்பெற்றது. அங்கே உலர்ந்த நிலையிலேயே கல்லைச் சக்கரத்திற் பிடித்துத் தேய்த்தவரின் நுரையீரலில் கற்றூசி படிந்து சிலிக்கோசிஸ் என்னும் மாறாநோய் பற்றியதை மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. தேய்ப்பவர் மட்டுமல்லர், அதே வீட்டிலும் அயலிலும் வாழ்வோரும் அதற்கு ஆளாயினர். நீரோடு தேய்த்தால் தூசி பெரும்பாலும் அடங்கும். மூக்குத்தூளும் தீங்கற்றதன்று. மருந்தென்று மன்னர் நம்பிய அது, நிக்கொற்றின் ஏற்றி அடிமையாக்குவது. புகையற்ற புகையிலையைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களுள் ஒன்றாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகுத்துள்ளது.

குப்பியின் வழக்கு மருத்துவர் சொல்லுக்கு அஞ்சி மறையவில்லை. 1912இல் மஞ்சூ மன்னராட்சி முடிவுற்றது. அரசவை போனதும் அதன் உபசாரங்களும் போயின. 1902இல் தோன்றிய பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கம்பனி சிகரெற்றைச் சீனத்தின் மூலைமுடுக்கெல்லாம் பரப்பியது. தூளை விட்டவன் குப்பியை விற்றான், வாங்கியவர் மேனாட்டார். 1968இல் அமெரிக்காவில் குப்பி சேகரிப்போருக்கெனவே ஒரு சங்கம் எழுந்தது. சேகரிப்போர் பெருகவே, தூளை ஒருபோதும் காணாத குப்பிகளும் சந்தைக்கு வரலாயின.

அவற்றை வேறுபிரித்தறிய அனுபவமுள்ளோர் முதலில் சித்திரத்தைப் பார்ப்பதில்லை. குப்பியைக் கையிலெடுத்து எடையை நோக்குவர். பின்னர் வளைந்த கம்பியொன்றை வாய்வழி விட்டுத் தோளின் உட்புறத்தைத் தடவுவர். விற்பனைக்கென மட்டும் செய்ததாயின், நேரே ஒரு துளை இறங்கியிருக்கும். பக்கங்களிற் கல் அப்படியே கனத்துக் கிடக்கும். உள்ளே எவரும் பார்க்கப் போவதில்லை என்று செய்தவனுக்குத் தெரியும். பழங்குப்பியாயின் கம்பி தோளின் வளைவோடு இணங்கிச் சென்று, மெல்லிய சுவரில் வழுக்கும். சிலவற்றில் அதன் நுனியிலே, ஒரு நூற்றாண்டுக்கு முன் யாரோ இழுத்து மீந்த பழுப்புநிறத் தூள் சிறிது ஒட்டிக்கொண்டு வரும்.